விருத்தாப்பியமும் வேலையும்

செம்பரம்பாக்கம் முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரையிலுள்ள பிரதேசம் இன்று தேசத்தின் பிரதான யந்திரத் தொழில் வட்டாரங்களில் ஒன்றாக விளங்குகின்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் மோட்டார் வண்டி உற்பத்தி தொடங்கிய நாள் முதல், இவ்விடத்து வாலிபர்களின் வேலையைப்பற்றி மந்திரிகளும் முதலாளிகளும் பேசாத மேடை இல்லை. அவ்வாலிபர்களின் தாய் தந்தையருக்கு என்ன வேலை என்று கேட்டவர் அரியர். அக்கேள்வியையே நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

கேள்வி அற்பமானதன்று. 2011-ம் வருஷ ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 பிராயம் கடந்தவர்கள். 2031-ல் இத்தொகை நூற்றுக்கு 18 ஆகுமென்பது இந்திய சர்க்காரின் மதிப்பீடு.

மூட்டு வலி, கண் புரை, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவை முதுமையுடன் வருவன. ஆயினும் முதியோரை மூலையில் உட்கார வைப்பது நோய் மாத்திரமன்று. தொழில் முறை மாறியதே பெருங் காரணம் என்பது நமது அபிப்பிராயம். ஏரிப் பாசனத்தில் பயிர் செய்த காலத்தில் வேலை படிப்படியாக இலேசாகி வந்தது. ஏர் பிடிக்கக் கை தளர்ந்தவன் மடை பார்த்தான். மடைக்கு நடக்க இயலாதவன் களத்தில் காவலிருந்தான். அதுவும் கூடாதவன் திண்ணையிலிருந்து கயிறு திரித்தான். நாற்று நடக் குனிய முடியாத பாட்டி நெல் புடைத்தாள். யந்திரசாலைக்கோ இத்தகைய படிகள் இல்லை. முழு எட்டு மணி நேரம் நிற்கவல்லவனுக்கு வாயில் திறக்கும், மற்றவனுக்கு மூடும். வயலும் குறைந்து ஆலையும் ஏற்காதபோது, கிழவனுக்கு எஞ்சியது திண்ணை ஒன்றே. அதை விட்டு இறங்கினாலும், கண் மங்கியவர் பெங்களூர் ராஜபாட்டையைக் கடப்பது பெரும்பாடு.

சர்க்கார் யாதொன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1962-ல் 20 ரூபாயுடன் தொடங்கிய முதியோர் உதவித் தொகை 2023-ல் 1,200 ரூபாயாக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் ஆரம்பமான 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வர வகை செய்தது. கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2024-ல் திறக்கப்பட்டது. இவை போற்றத்தக்கவை. ஆனால் உயிரைக் காப்பது வேறு. காத்த உயிருக்கு ஒரு காரியம் அளிப்பது வேறு.

இவ்வட்டாரத்தில் ஆலை நிறுவிய யமஹா, கோமட்சு முதலிய கம்பெனிகள் ஜப்பானியருடையவை. அந்நாட்டில், டோக்கியோ நகரில், 1975-ல் முதியோர் வேலைச் சங்கம் ஒன்று தோன்றிற்று. இவ்வேற்பாடு தேசமெங்கும் பரவி, 1986-ல் சட்டத்தின் அங்கீகாரம் பெற்றது. 60 பிராயம் கடந்தவர் அங்கத்தினராகலாம். தோட்டம் பேணுதல், துப்புரவு, எழுத்து வேலை முதலியவற்றைச் சங்கம் உள்ளூரில் பெற்று, அவரவர் தேகசக்திக்கேற்பப் பங்கிட்டு ஊதியம் அளிக்கின்றது. மாதத்தில் சுமார் பத்து நாள் வேலையே வழக்கம். ஜப்பானியரிடம் யந்திரத்தைப் பெற்ற நாம் இதனை ஏன் பெறலாகாது?

உழைத்து ஓய்ந்தவரை மேலும் உழைக்கச் சொல்வதா என்று சிலர் ஆட்சேபிப்பர். பசிக்காக உழைக்கச் செய்வது கொடுமையே. மாதம் 1,200 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 40 ரூபாய். அதனை ஜீவனத்துக்குப் போதியதாக்குவது முதற் கடமை. அதன் பின்னரும், விருப்பமுள்ள முதியவருக்கு இயன்ற வேலையை மறுப்பது மற்றொரு கொடுமையேயாம்.

பணத்துக்கு வழி என்னவென்று கேட்கலாம். 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொது நலத்துக்குச் செலவிட வேண்டுமென்று விதிக்கின்றது. அதற்குரிய ஏழாவது அட்டவணையில் முதியோருக்கான பகல்நேர நிலையங்களும் பிற வசதிகளும் வெளிப்படையாகக் கூறப்பட்டிருக்கின்றன. ஆதலின் இதனைக் கேட்பது யாசகமன்று. சட்டம் காட்டிய வழியேயாகும்.

தேச ஊழியர்கள் செய்யற்பாலது யாது? அக்டோபர் 2-ந் தேதி கூடும் கிராம சபைகளில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் முதியோருக்கு என்ன நோய் என்பதோடு, என்ன செய்ய இயலும் என்பதற்கும் ஒரு ஜாபிதா தயாரிக்க வேண்டும். வாசகசாலை, குழந்தைகள் மையம், மரக்கன்றுப் பண்ணை ஆகியவற்றில் அரை நாள் வேலைகளை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும். நாற்காலி, நிழல், கழிப்பிடம், சாய்வுப் பாதை, சாலையைக் கடக்கப் பந்தோபஸ்து ஆகியவை இல்லாவிடில் அவ்வேலைகள் காகிதத்திலேயே நிற்கும்.

வாலிபனின் கையை மட்டும் கணக்கிடும் தொழில் அபிவிருத்தி அரைகுறையானது. இன்று ஆலை வாயிலில் நுழைபவனும் ஒரு நாள் அவ்வாயிலுக்கு வெளியே நிற்பான். அன்று அவன் எங்கே போவது என்பதை இன்றே தீர்மானிப்பது நம் பொறுப்பு.