இரைச்சலுக்கு அடியில்

நாட்டார் பாடல்களை வீட்டில் வைத்துப் பதிவு செய்யும் எங்களைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு ஒலிவாங்கி பெரிய சிக்கலன்று. அதனையடுத்து அமையும் முன்பெருக்கிதான் சிக்கல். டைனமிக் மைக் பேச்சுக்குத் தருவது ஓரிரு மில்லிவோல்ட். அதனை ஏறத்தாழ 1000 மடங்கு, அதாவது 60 டெசிபல், பெருக்கியாக வேண்டும். முதற்கட்டத்தில் புகும் இரைச்சலும் குரலோடு சேர்ந்தே பெருகும்.

பிறகு மென்பொருளால் நீக்கிக்கொள்ளலாம் என்பார் உளர். எங்களால் உடன்பட இயலவில்லை. ஒப்பாரியில் அடிகளுக்கிடையே இழுக்கும் மூச்சும், விம்மலில் தேயும் ஈற்றசையும் அவ்விரைச்சலின் அளவிலேயே ஒலிப்பவை. அதை வழிக்கையில் இவையும் போய்விடுகின்றன. எஞ்சுவன சொற்கள் மட்டுமே. சொற்கள் போதுமென்றால் ஏடும் எழுதுகோலும் போதுமே!

ஆகவே நாங்களே பற்றவைத்தோம். என்.இ.5534 சில்லு ஒன்று, கார்பனுக்குப் பதில் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள், மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அண்டாதிருக்க 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். (பெட்டிக்குப் பிஸ்கட் டின்னே போதும், தரையிணைப்பை மட்டும் மறவாதீர்.)

கடையில் நல்ல கருவிகளே இல்லையென்பது எங்கள் வாதமன்று. ஆனால் தாமே பற்றவைத்தவர், எது கருவியின் இரைச்சல், எது பாடுபவரின் தொண்டைக் கரகரப்பு என்று பிரித்தறியப் பழகிவிடுகிறார். பதிப்பாசிரியர் ஏடெழுதியவர் பிழையைப் பாடபேதத்தினின்று பிரிப்பதும் இத்தகைய பழக்கமே. நாட்டார் வழக்காற்றியல் பாடத்திட்டத்தில் இதற்கு இரு வகுப்புகளேனும் ஒதுக்கலாம்.