படகில் குடியேறப் போறீங்களா? பட்ஜெட்டை பாத்ரூமிலிருந்து ஆரம்பிங்க!



அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்ம சேனல் நண்பர்கள் சிலர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சான் பிரான்சிஸ்கோவுல, சியாட்டில்ல வாடகை கட்டி மாளல. பழைய பாய்மரப் படகு ஒண்ணு வாங்கி அதிலேயே குடியிருந்தா மிச்சமாகுமா?"

மிச்சமாகலாம். ஆனா எல்லாரும் முதல்ல பார்க்கிறது விலையை. என் கருத்து வேற. முதல்ல பாத்ரூமைப் பாருங்க. தினமும் முகம் சுளிக்காம குளிச்சு, கழிப்பறை போய், ஆபீஸ் கிளம்ப முடியற மிகச் சின்னப் படகு எதுவோ, அதுதான் உங்களுக்கு மலிவான படகு. அதைவிடச் சின்னது வாங்கினா, ஆறே மாசத்துல மறுபடியும் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு நிப்பீங்க.

அமெரிக்க வருமான வரித் துறையே இதை ஒரு வகையில ஒத்துக்குது. வீட்டுக் கடன் வட்டிக்கான வரிச்சலுகைக்கு ஒரு படகையும் 'வீடு'ன்னு ஏத்துக்கணும்னா, அதில் தூங்கவும் சமைக்கவும் வசதி இருக்கணும், கழிப்பறையும் இருக்கணும். உடனே சலுகைக் கணக்குப் போடாதீங்க! அந்தப் படகையே ஈடா வச்சு வாங்கின கடனா இருக்கணும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கிறவங்களுக்கு இதனால பைசா பிரயோஜனம் இல்லை. பழைய படகைப் பெரும்பாலும் கையில இருக்கிற காசிலதான் வாங்குவீங்க. அப்போ வட்டியும் இல்லை, சலுகையும் இல்லை.

அடிக் கணக்கு

மரீனான்னா நம்ம மெரினா பீச் இல்லை. படகுகளை வரிசையா கட்டி நிறுத்தும் இடம். அங்கே வாடகையைப் பெரும்பாலும் படகின் நீளத்தை வச்சு, ஒரு அடிக்கு இவ்வளவுன்னு போடுவாங்க. தண்ணீரை விட்டு மேலே தூக்குறது, அடிப்பாகத்துக்குப் பெயின்ட், வாங்கும் முன்னாடி செய்யற சர்வே எல்லாமே நீளத்தோட சேர்ந்துதான் ஏறும். அதனால ஒவ்வொரு அடியும் ஒரு இஎம்ஐ மாதிரி.

உதாரணத்துக்கு ரெண்டு பிரபலமான பழைய மாடல்களை எடுத்துக்கலாம்: கேட்டலினா 27, கேட்டலினா 30. ரெண்டுமே ஆயிரக்கணக்கில் தயாரானவை. நீளத்தில் வித்தியாசம் மூணு அடிதான். ஆனா அகலம் 8 அடி 10 அங்குலத்திலிருந்து 10 அடி 10 அங்குலமா மாறுது. அந்த ரெண்டு அடி அகலத்துலதான் பாத்ரூம் பிழைக்குது. 27-ல் டாய்லெட் உண்டு, ஆனா நின்னு நிம்மதியா குளிக்க இடம் பத்தாது. 30-ல் தனிக் கதவும் ஷவரும் உள்ள அறையே கிடைக்கும். டாய்லெட்டும் ஷவரும் ஒரே இடத்துல, தரை முழுக்க நனையும். அங்கே இதை ஒரு குறையாச் சொல்லுவாங்க. நம்ம ஊர் பாத்ரூம்ல வளர்ந்த நமக்கு அது பழக்கப்பட்டதுதானே!

இப்போ கணக்கு. இவை என் அனுமான எண்கள். உங்க ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கோங்க.

- 27 அடி: படகு 8,000 டாலர். அடிக்கு 15 டாலர் வீதம் மாச வாடகை 405.
- 30 அடி: படகு 14,000 டாலர். மாச வாடகை 450.

அஞ்சு வருஷத்துக்கு வாடகை வித்தியாசம் 2,700. விலை வித்தியாசம் 6,000. மொத்தம் 8,700, அறுபது மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 145 டாலர். விற்கும்போது அதில் கொஞ்சம் திரும்பி வரலாம், ஆனா அதைக் கணக்கில் சேர்க்காதீங்க. இந்த 145 உங்க பட்ஜெட்டைக் கவிழ்க்கும்னா, படகு வாழ்க்கையே இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். கவிழ்க்காதுன்னா, தயங்காம கொடுங்க.

"மரீனாவிலேயே குளியலறை இருக்கே?" இருக்கும். டிசம்பர் மழையில், ராத்திரி ரெண்டு மணிக்கு, ஜாக்கெட் மாட்டிக்கிட்டு நடந்து போகத் தயாரான்னு யோசிங்க.

அதுக்காக 40 அடிக்கும் போகாதீங்க. அதே விகிதத்தில் மாசம் 600 டாலர். பராமரிப்பும் அதே மாதிரி ஏறும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, உட்கார்ந்து பாருங்க. முழங்கால் இடிக்குதா? எழுந்து நிமிர்ந்து நிற்க முடியுதா?

2. சூடான ஈரத் துணியை டாய்லெட் குழாயைச் சுத்திக் கொஞ்ச நேரம் வச்சு, எடுத்து மோந்து பாருங்க. நாத்தம் அடிச்சா குழாயை மாத்தியே ஆகணும். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிப் பேசுங்க.

3. கழிவுத் தொட்டி எத்தனை கேலன்? கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விட அமெரிக்கச் சட்டம் அனுமதிக்காது. ரெண்டு பேர், ஆளுக்கு நாலு ஃப்ளஷ், ஒவ்வொண்ணுக்கும் அரை கேலன்னு வச்சா நாளுக்கு 4 கேலன். 16 கேலன் தொட்டி நாலே நாளில் நிறையும். பம்ப் பண்ணி எடுக்கும் செலவும் நேரமும் உங்க கணக்கில் வரணும்.

4. ஷவர் தண்ணியை வெளியேத்தும் பம்ப் ஓடுதா? காத்துப் போக ஜன்னல் இருக்கா? இல்லைன்னா படகு முழுக்கப் பூஞ்சைதான்.

கையெழுத்துப் போடும் முன்

மரீனாவில் இடம் கிடைக்கிறது வேற, அங்கே குடியிருக்க அனுமதி கிடைக்கிறது வேற. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஒரு மரீனாவின் இடங்களில் பொதுவா 10 சதவீதத்துக்கு மேல் குடியிருப்புப் படகுகளுக்கு அனுமதி இல்லை. எழுத்துப்பூர்வமான அனுமதி கைக்கு வராம படகுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

எச்-1பி விசாவில் இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. வேலை போனா பொதுவா அதிகபட்சம் 60 நாள் அவகாசம். பழைய படகை 60 நாளில் நல்ல விலைக்கு விற்கிறது லேசான காரியம் இல்லை. விற்கிற வரைக்கும் மரீனா வாடகை ஓடிக்கிட்டே இருக்கும். அதனால ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தொடாம மிச்சமிருக்கிற பணத்தில் மட்டும் வாங்குங்க. நாலு பேருக்குத் தெரிஞ்ச மாடலா, பாத்ரூம் நாறாத படகா இருந்தா, வாங்க வர்றவரும் சீக்கிரம் முடிவெடுப்பார்.

படகு முதலீடு இல்லை, செலவு. ஆனா குடியிருக்க முடிஞ்சா அது வாடகைக்குப் பதிலான செலவு. முடியலைன்னா வாடகைக்கு மேல இன்னொரு செலவு. அந்த வித்தியாசம் அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு. படகு பார்க்கப் போனா முதல்ல அதைத் திறந்து பாருங்க.