‘ஃபார்மட்’ பொத்தானை அழுத்தாதீர்கள்

பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரம். இடைவேளையின்போது படிவம் 2 மாணவன் ஒருவன் அறிவியல் கூட வாசலில் வந்து நின்றான். கையில் தபால்தலை அளவில் ஒரு மெமரி கார்டு. “சார், கேம் சேவ் எல்லாம் போயிடுச்சு” என்றான். கையடக்க விளையாட்டுக் கருவி சேமித்துக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டுக் கார்டை உருவிவிட்டானாம். கணினியில் செருகினால், ‘பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று திரையில் வருகிறது. அவனும் அவன் அண்ணனும் மூன்று ஆண்டுகள் மாறி மாறி விளையாடிய ஆட்டம் அது. அண்ணன் இப்போது வேலைக்காகச் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் சொன்னபோது, “கேம்தானே, விட்டுட்டுப் படி” என்று பதில் வந்ததாம்.

அந்தப் பையன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். ஃபார்மட் பொத்தானை அழுத்தவில்லை.

இதை நான் பாராட்டுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இதே சிக்கலோடு வந்தபோது, “ஃபார்மட் செய்தால் கார்டு சரியாகிவிடும்” என்று சொன்னவன் நான்தான். கார்டு சரியானது. அவள் அதிலேயே புதிய ஆட்டங்களை ஏற்றி விளையாடத் தொடங்கினாள். பழைய கார்டில் ஆட்டங்கள் மட்டுமல்ல, கருவியின் கேமராவில் அவள் எடுத்த பாட்டியின் படங்களும் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. மீட்க முயன்றோம். சில படங்கள் மேல்பாதி மட்டும் தெரிய, கீழே சாம்பல் பட்டையாக வந்தன. ஆட்டங்கள் எதுவும் திரும்பவில்லை. அறிவியல் ஆசிரியரான நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்கவில்லை: தகவல் அழிந்துவிட்டதா, அல்லது அதற்கான வழி மட்டும் அழிந்துவிட்டதா?

இவை இரண்டும் வேறு வேறு. ஒரு நூலகத்தின் பட்டியல் கிழிந்துபோனால் புத்தகங்கள் மறைந்துவிடுவதில்லை. மெமரி கார்டிலும் அப்படித்தான். கார்டின் முதல் 512 பைட் பகுதியில், பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லும் அட்டவணை இருக்கிறது. அதன் அளவு வெறும் 64 பைட். 32 ஜிபி கார்டில் ஏறக்குறைய 3,200 கோடி பைட் உள்ளன. அந்த 64 பைட் கெட்டாலே போதும், கணினி முழுக் கார்டையும் வெற்று நிலமாகப் பார்க்கும். ஆனால் உள்ளே இருக்கும் தகவல், நுண்ணிய மின்கலன்களில் சிறைப்பட்ட மின்னூட்டமாக அப்படியே இருக்கிறது. வேறொன்றை அதன்மேல் எழுதும்வரை அது பெரும்பாலும் அசையாது.

ஆபத்து அந்த எழுத்தில்தான். ‘விரைவு ஃபார்மட்’ புதிய பட்டியலை எழுதிப் பழையதை மறைத்துவிடும். விண்டோஸின் முழு ஃபார்மட் முழுக் கார்டையும் சுழியங்களால் நிரப்பிவிடும். அதன்பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது.

ஆகவே முதல் வேலை, எதுவும் செய்யாமல் இருப்பது. கார்டை வெளியே எடுங்கள். பெரிய எஸ்டி கார்டாக இருந்தால் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளுங்கள். அடுத்து, முழுக் கார்டையும் ஒரே கோப்பாகக் கணினியில் நகலெடுங்கள். 32 ஜிபி கார்டுக்கு அதே அளவு இடம் தேவைப்படும். டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். இனி எந்தச் சோதனையும் அந்த நகலின் மேல்தான். தவறினால் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

நகலில் தொலைந்த பார்ட்டிஷனைத் தேட டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. FAT32 என்று எழுதப்படும் ஃபேட்32 அமைப்பை வடிவமைத்தவர்கள் விபத்தை எதிர்பார்த்தே இருந்தார்கள். தொடக்கப் பகுதிக்கு ஒரு மாற்றுப் பிரதியும், கோப்புப் பட்டியலுக்கு வழக்கமாக இரண்டு பிரதிகளும் அதில் உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து மீட்கலாம்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். படங்களை மீட்கும் மென்பொருளை எடுத்து ஆட்டச் சேமிப்பைத் தேடுகிறார்கள். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான அடையாளத்தோடு தொடங்குவதால் அதைத் தனியே பொறுக்கி எடுக்க முடிகிறது. ஆட்டச் சேமிப்புக்கு அப்படிப் பொது அடையாளம் இல்லை. நிண்டெண்டோ 3டிஎஸ் போன்ற கருவிகள் அதை மறையாக்கமும் செய்து வைக்கின்றன. அதனால் கோப்புறைகள் இருந்த ஒழுங்கிலேயே பார்ட்டிஷனை மீட்டு, புதிய கார்டில் ஏற்றி, அதே கருவியில் செருக வேண்டும். நிண்டெண்டோ சுவிட்ச் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். அதன் சேமிப்பு கருவியின் உள்நினைவகத்தில் இருக்கிறது, கார்டில் அல்ல.

எல்லாக் கார்டையும் மீட்க முடியாது. கணினியே அடையாளம் காணாத கார்டில் மென்பொருளால் பயனில்லை. ஆனால் முயலும் முன்பே அழித்துவிடுவதற்கு அது காரணமாகாது.

படிவம் 1 அறிவியலில் மாணவர்களுக்கு ஆய்வக விதிகளைச் சொல்லித் தருகிறோம். கையில் ஒரே ஒரு மாதிரி இருந்தால் அதன்மேல் முதல் சோதனையைச் செய்யாதே என்பது எந்த ஆய்வகத்துக்கும் பொருந்தும் விதி. அதை ஏன் அவர்கள் பையில் இருக்கும் கார்டோடு சேர்த்துச் சொல்வதில்லை? பழுதான ஒரு பழைய கார்டும் ஒரு கணினியும் இருந்தால் ஒரு பாட வேளையில் செய்து காட்டிவிடலாம். கடைக்காரர்களும், “உள்ளே உள்ளது வேண்டுமா?” என்று கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது.

‘கேம்தானே’ என்று சொல்லும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நாளை இதே நிலையில் உங்கள் திருமணப் படங்களோ, மகளின் பல்கலைக்கழக ஆய்வேடோ இருக்கலாம். அப்போது பயன்படப்போவது இன்று பிள்ளை தன் ஆட்டத்துக்காகக் கற்றுக்கொள்ளும் அதே பொறுமைதான். அதோடு, மூன்று ஆண்டு உழைப்பைப் பறிகொடுத்த பிள்ளையின் வருத்தம் பொய்யான வருத்தம் அல்ல.

அந்தப் பையனின் கார்டில் பார்ட்டிஷன் கிடைத்தது. கடைசி நாள் விளையாடியது மட்டும் வரவில்லை. மீதியைப் புதிய கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். அன்று மாலையே தன் வீட்டுக் கணினியிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டதாக மறுநாள் வந்து சொன்னான்.

இந்த வார இறுதியில் நீங்களும் உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து அதைச் செய்யுங்கள். இருபது நிமிட வேலை.