தாலித் தங்கமும் மாதம் ஆயிரமும்

"அரசுக் கல்லூரியில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, போதாததற்குக் கையில் மாதம் ஆயிரம் ரூபாய். பொம்பளைப் பிள்ளைகளுக்கு இன்னும் என்னதான் வேணுமாம்?" இந்தக் கேள்வியை டீக்கடை பெஞ்சிலும் கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் கூடும் அரங்கத்திலும் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பதிலை இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் ரஞ்சன்குடி. பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே வந்தால் கோட்டை தெரியும், அந்த ஊர்தான். சுற்றிலும் மானாவாரி நிலம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். களை வெட்டுவது, பருத்தி எடுப்பது, வெங்காயத்துக்குத் தாள் அறுப்பது எல்லாம் பெண்களின் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் அந்தக் காட்டுக்குப் போகாமல் கல்லூரிக்குப் போனால், அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கூலி குறைகிறது. எந்தக் கல்லூரியும் தன் ரசீதில் இந்தத் தொகையை எழுதுவதில்லை. ஆனாலும் யாரோ அதைக் கட்டத்தான் செய்கிறார்கள். அம்மா இன்னொரு காட்டுக்கும் களைக்குப் போகிறாள். தங்கச்சி விடியற்காலையில் சோறாக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுகிறாள். அப்பாயி ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறாள். ஒரு பெண்ணின் பட்டப் படிப்புக்கு மூன்று பெண்களின் உடம்பு செலவாகிறது. இதற்குப் பெயர் இலவசமா?

கல்விச் செலவு என்றால் கட்டணம் என்று நினைப்பவர்கள், உதவி என்றால் கட்டண விலக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டணத்துக்கு வெளியே இருப்பதுதான் பெரிய செலவு. தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ், மாதவிடாய்த் துணி, கிராமத்துப் பஸ்ஸைத் தவறவிட்டால் கூடுதல் காசு, மத்தியானச் சாப்பாடு. இவற்றில் எதற்கும் காசில்லை என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். நாளைக்கு வரவில்லை என்று மட்டும் சொல்வாள். பிறகு வரவே மாட்டாள்.

இந்த மாதம் ஆயிரம் எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழிகளே. அது பெண்களின் திருமணத்துக்கு என்று வைத்திருந்த பணம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் தொடங்கியபோது தொகை 5,000 ரூபாய். பிறகு பத்தாம் வகுப்பு படித்திருந்தால் 25,000, பட்டமோ பட்டயமோ இருந்தால் 50,000 என்று ஆனது. 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016இல் அது 8 கிராம் ஆனது. தேவதாசி முறைக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், 1936இலேயே அதைப் பற்றி நாவல் எழுதியவர் இராமாமிர்தம். அவர் பெயரைத் தாலித் தங்கத்தின் மேல் ஒட்டி வைத்திருந்தோம். ஒரு பெண் ஏன் பத்தாம் வகுப்புவரை படிக்க வேண்டும் என்றால், கல்யாணத்துக்குப் பணம் கிடைக்கும் என்பது பதிலாக இருந்தது.

2022இல் அந்தத் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. புதுமைப்பெண் என்ற பெயரில் செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் நீட்டித்தார்கள். கல்யாணப் பணம் கல்லூரிப் பணமானதை நான் மனதார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். அப்போது, "தாலிக்குத் தங்கத்தை நிறுத்திவிட்டார்களே, ஏழைப் பெண்கள் என்ன செய்வார்கள்" என்று அழுதவர்கள் உண்டு. வரதட்சணையை நிறுத்தச் சொல்லி அவர்கள் ஒருநாளும் அழுது நான் பார்த்ததில்லை.

ஆனால் வரவேற்றதோடு வாயை மூடிக்கொள்ள முடியாது. கணக்குப் பார்ப்போம். 2022-23இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 281 ரூபாய். மாதம் ஆயிரம் என்பது மூன்றரை நாள் கூலி. 2025-26இல் அதே கூலி 336 ரூபாய். இப்போது ஆயிரம் மூன்று நாள் கூலிகூட இல்லை. மண் வெட்டும் அம்மாவின் கூலி போதவில்லை என்று ஆண்டுதோறும் கொஞ்சமாவது ஏற்றுகிறார்கள். படிக்கும் மகளின் தொகைக்கு மட்டும் விலைவாசி ஏறாதா?

அடுத்தது, யாருக்கு இந்தப் பணம் இல்லை என்று பாருங்கள். அஞ்சல்வழியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் படிப்பவர்களுக்கு இல்லை. முதுகலைக்கு இல்லை. விதி பொதுவானதுதான், ஆனால் அது யாரை வெளியே நிறுத்துகிறது? பதினெட்டு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு, கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு, விட்ட படிப்பை அஞ்சல்வழியில் தொடரும் பெண்ணை. பி.ஏ. முடித்ததும், "போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்கிற வீட்டில் எம்.ஏ.வுக்காகச் சண்டை போடும் பெண்ணை. மிக அதிகமாகப் பணம் தேவைப்படும் இரண்டு இடங்களிலும் கை விரிக்கிறார்கள். அரசின் மனதில் உள்ள மாணவி இன்னும் கல்யாணமாகாத மகள்தான். கல்யாணமானால் அவள் மாணவி இல்லை, மனைவி.

இந்தப் பார்வை நம்முடைய அரசுக்கு மட்டும் உரியதல்ல. வங்காளதேசத்தில் 1994இல் கிராமப்புறப் பள்ளி மாணவிகளுக்கு நாடு முழுவதும் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். வருகைப் பதிவு, மதிப்பெண் ஆகியவற்றோடு, திருமணம் ஆகாமல் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் கட்டாயப்படுத்திக் கட்டிவைத்த வீட்டைவிட்டு, கட்டிவைக்கப்பட்ட சிறுமியின் பணத்தைத்தான் அது நிறுத்துகிறது.

இன்னொரு உதவியைப் பற்றிப் பேச வேண்டும். அதுதான் கல்விக் கடன். பையன் கடன் வாங்கிப் படித்தால் அது முதலீடு, சம்பாதித்து அடைப்பான். பெண் வாங்கினால், பெண் பார்க்க வருகிறவர்கள் நகையைக் கேட்ட கையோடு, "லோன் ஏதும் பாக்கி இருக்கா" என்றும் கேட்கிறார்கள். அவள் சம்பளத்தில் அவள் கடனை அடைப்பதைப் புகுந்த வீடு பொறுக்காது. அதனால் கடன் என்றாலே அம்மாக்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லாதீர்கள். கல்யாணச் சந்தையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

உதவித்தொகை எப்போது வருகிறது என்பதும் முக்கியம். நான் ஒரு தனியார் கல்லூரியில் படித்தபோது கல்வி உதவித்தொகை வருவதற்குள் ஆண்டுத் தேர்வு வந்துவிடும். பணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்பார்கள். அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள். பணம் வந்தபோது பாதி வட்டிக்குப் போனது. தாமதமாக வரும் உதவித்தொகை அடகுக்கடைக்காரருக்குக் கொடுக்கும் உதவித்தொகை.

எனவே நாம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். மாதத் தொகையை நூறுநாள் வேலைக் கூலியோடு இணையுங்கள். குறைந்தது பத்து நாள் கூலி, கூலி ஏறும்போது இதுவும் ஏற வேண்டும். கல்லூரி திறக்கும் முதல் மாதமே பணம் வர வேண்டும். அஞ்சல்வழியில் படிக்கிறவர்களுக்கும், முதுகலைக்கும், படிப்பை விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கும் கொடுங்கள். உதவித்தொகை வரவில்லை என்பதற்காக எந்தக் கல்லூரியும் ஹால் டிக்கெட்டையோ சான்றிதழையோ பிடித்து வைக்கக் கூடாது.

இத்தனைக்கும் பணம் எங்கே என்று கேட்பார்கள். தாலிக்கு 8 கிராம் தங்கம் வாங்கிக் கொடுத்த காலத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பி வைக்க அரசிடம் பணம் இருந்தது. அவள் சொந்தக் காலில் நிற்கவும் இருக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்காதீர்கள். உங்கள் அம்மாவும் தங்கச்சியும் அப்பாயியும் ஏற்கெனவே கட்டிவிட்ட தொகையில் ஒரு பகுதியைத்தான் திருப்பிக் கேட்கிறோம்.