சிறு வணிகரும் கப்பல் கூலியும்

கடல் கடந்து சரக்கு அனுப்பும் நமது சிறு வர்த்தகர்களின் இலாபத்தைத் தின்பது எது என்று கேட்டால், சிலர் வரி என்பர். சிலர் வட்டி என்பர். இரண்டும் மெய்யே. ஆயினும், வெளியே தெரியாமல் கரையான்போல் அரித்துக்கொண்டிருக்கும் மற்றொரு செலவு உண்டு. கப்பல் கூலியும் அதனோடு ஒட்டிவரும் சில்லறைக் கட்டணங்களுமே அது. மாதந்தோறும் நூற்றுக்கணக்கான கண்டெய்னர்களை அனுப்பும் பெரிய கம்பெனி கப்பல்காரரை நேரில் வைத்துக் கூலி பேசுகிறது. இரண்டு பேலட் சரக்கு மட்டும் அனுப்பும் திருப்பூர்ப் பின்னலாடைக்காரரோ, கரூர்த் துணி வியாபாரியோ, ஏஜெண்டு சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வாய்மூடித் திரும்புகிறார். இந்த ஏற்றத்தாழ்வு தலைவிதியன்று, முயன்றால் மாற்றத்தக்கதே.

முதலாவதாக, கூலி கணக்கிடப்படும் முறையை வியாபாரி அறிந்திருத்தல் அவசியம். ஒரு கண்டெய்னரைப் பலர் பங்கிட்டு அனுப்பும் சரக்கிற்கு, ஒரு கன மீட்டர் இடம் அல்லது ஆயிரம் கிலோ எடை, இவற்றுள் எது மிகுதியோ அதற்கே கூலி விதிப்பது வழக்கம். ஆடைச் சரக்கு எடை குறைந்தது, இடத்தை அடைப்பது. ஆகையால் ஆடை வியாபாரி கொடுக்கும் பணமெல்லாம் இடத்திற்கே. 1.2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பேலட்டின்மேல் 1.5 மீட்டர் உயரத்திற்கு அடுக்கினால் 1.8 கன மீட்டர் ஆகும். பெட்டிகள் நாற்புறமும் 5 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே ஏறக்குறைய 2.15 கன மீட்டராகிறது. சரக்கில் ஓர் இழையும் கூடவில்லை. கூலியில் நூற்றுக்குப் பத்தொன்பது கூடிவிட்டது! மேலே வேறு சரக்கை ஏற்ற முடியாதபடி அடுக்கிய பேலட்டுக்குக் கூரை வரையுள்ள வெற்றிடத்திற்கும் கூலி கேட்பவர் உண்டு. பெட்டியின் அளவை பேலட்டுக்குப் பொருந்தச் செய்வதும், மேற்பாரம் தாங்கும்படி கட்டுவதும் ஒரு காசும் செலவில்லாத சிக்கனம். பேலட்டின் மரமும் கவனத்திற்குரியது. மரத்தின் உட்புறம் 56 பாகை வெப்பத்தில் 30 நிமிஷம் இருக்கும்படி சூடாக்குவது முதலான அங்கீகரிக்கப்பட்ட முறையில் பூச்சி நீக்கி, முத்திரையிடப்படாத மரத்தைப் பல தேசங்கள் ஏற்பதில்லை. அக்கரையில் சரக்கு தடைப்பட்டால் வரும் நஷ்டம் மரத்தில் மிச்சம் பிடித்ததைப்போல் பன்மடங்காகும்.

இரண்டாவது விஷயம் இதனினும் முக்கியமானது. பங்குச் சரக்கு வர்த்தகத்தில் ஒரு தந்திரம் நடைபெறுகிறது. கடற்கூலி மிகக் குறைவு என்றும், சில சமயம் கூலியே இல்லை என்றும் ஏஜெண்டு சொல்வார். விட்டதை அவர் பிடிப்பது இறங்கு துறையில். கிடங்குக் கட்டணம், பத்திரக் கட்டணம், பிரித்தெடுக்கும் கட்டணம் எனப் பல பெயர்களில் அது வசூலாகிறது. நம்மவர் பெரும்பாலும் கப்பலில் ஏற்றுவதோடு பொறுப்பு முடியும் எஃப்.ஓ.பி. நிபந்தனையில் விற்பதால், ஏஜெண்டை நியமிப்பவர் அந்நிய தேசத்து வாங்குபவர். ஏஜெண்டு வாங்குபவரின் ஆள். இக்கரைக் கட்டணங்களைக் கொடுப்பவரோ நாம். அக்கரைச் செலவு வாங்குபவர் தலையில்தானே விழுகிறது என்று நாம் மகிழ்வதற்கில்லை. அடுத்த ஆர்டரில் அவர் அதை நமது விலையில் கழித்துக்கொள்வார்.

கூலியைக் குறைத்துக் காட்டி ஆளை இழுக்கும் இந்த வித்தை தூத்துக்குடிக்குப் புதிதன்று. 1906-ஆம் வருஷம் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்றும், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என்றும் வகுத்தார். ஒரு பெருந்தனவந்தரை நம்பாமல், 25 ரூபாய் கொடுக்கவல்ல பலரை நம்பிய ஏற்பாடு அது. கொழும்புக்குக் கப்பல் விட்டதும், பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்ப் பிரயாணிகளை இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் வழங்கியது என்பர். 1908-இல் பிள்ளை சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைந்தது. அரசாங்கத்தின் அடக்குமுறையோடு, இலவசக் குடையும் அவ்வீழ்ச்சியில் பங்கு கொண்டது. சிறியோர் கூடினால் கப்பலும் விடலாம். இன்றைய மலிவை மட்டும் பார்த்துப் பிரிந்தால் கூடியதும் குலையும். துறைமுகத்திற்கு 2011-இல் அவர் பெயரைச் சூட்டினோம். அவர் கற்பித்த பாடத்தைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றினோமா?

இன்று கப்பல் வாங்க வேண்டியதில்லை. கண்டெய்னரை நிரப்பினால் போதும். 20 அடிக் கண்டெய்னரில் மேற்சொன்ன அளவுள்ள பேலட் பத்து தரையில் அமரும். ஐந்து வியாபாரிகள் ஆளுக்கு இரண்டு பேலட் கொண்டுவந்தால் முழுப் பெட்டி ஆயிற்று. தனித்தனியே கன மீட்டர்க் கணக்கில் கொடுக்கும் தொகை ஏறக்குறைய 15 கன மீட்டரை எட்டும்போதே முழுப் பெட்டியின் கூலியைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் ஷிப்பிங் பில்லைத் தாமே தாக்கல் செய்யலாம். சரக்கு மட்டும் ஒரே பெட்டியில் சேரட்டும். சரக்கனுப்புவோர் இலாப நோக்கின்றிச் சங்கமாகக் கூடிக் கூலி பேசுவதை அமெரிக்க தேசத்தின் 1984-ஆம் வருஷக் கப்பல் சட்டமே அங்கீகரித்திருக்கிறது. திருப்பூரில் 1990 முதல் ஏற்றுமதியாளர் சங்கம் இருந்து வருகிறது. சங்கம் கூட்டத் தெரிந்த நமக்குச் சரக்குக் கூட்டத் தெரியாதா?

போட்டியாளரோடு சேர்ந்தால் நமது வாடிக்கைக்காரர் பெயர் வெளிப்பட்டுவிடுமே என்று சிலர் அஞ்சுவர். நியாயமான அச்சந்தான். பத்திரங்களைப் பார்க்கும் குமாஸ்தா எவருக்கும் வியாபாரியாக இருத்தலாகாது. மற்ற அங்கத்தினர் அளவும், எடையும், துறைமுகமும், புறப்படும் தேதியும் அறிந்தால் போதும். ஒருவர் பத்திரத்தில் பிழையிருந்தால் ஐவர் சரக்கும் சுங்கத்தில் நின்றுவிடும் என்பது வேறோர் ஆட்சேபம். குறித்த நாளில் பத்திரம் ஒப்படைக்காதவர் சரக்கை ஏற்றுவதில்லை என்ற கண்டிப்பு ஒன்றே அதற்கு மருந்து.

சர்க்காருக்கும் கடமை உண்டு. 1856-ஆம் வருஷத்துக் கப்பல் ரசீதுச் சட்டத்தை நீக்கி 2025-இல் புதுச் சட்டம் இயற்றியது வரவேற்கத்தக்கதே. ஆனால் சட்டப் புத்தகம் புதிதானால் மட்டும் கூலி இறங்கிவிடாது. சரக்கு நிலையங்களும் ஏஜெண்டுகளும் வாங்கும் ஒவ்வொரு கட்டணமும், இரு கரையிலும், சரக்கு ஏறுமுன் எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். அறிவிக்காத கட்டணம் வசூலிக்கத்தக்கதன்று என்று விதி செய்வதில் என்ன தடை?

அதுவரை கைகட்டி இருப்பது வியாபாரிகளுக்கு அழகன்று. கடற்கூலி எவ்வளவு என்று கேட்பதை விடுத்து, நமது கிடங்கிலிருந்து அவர் கிடங்கு சேர மொத்தம் எவ்வளவு என்று கேட்கப் பழகுவோம். அதையும் தனியொருவராய்க் கேளாமல் ஐவராய்ச் சென்று கேட்போம். இலவசக் குடைக்கு மயங்கிய காலம் ஒன்று போதும்.