நரம்பு அல்ல, சிரை!

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஆண்டுதோறும் ஜூன் 26-ஆம் நாள் போதைப்பொருள் ஒழிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் அந்த நாட்களில் நாமும் மண்டையோடு வரைந்த தட்டிகளை ஏந்திப் பேரணி போகிறோம்; உறுதிமொழி எடுக்கிறோம்; கலைந்து விடுகிறோம். "போதை உயிரைக் குடிக்கும்" என்று முழங்குகிறோமே, எப்படிக் குடிக்கிறது என்று ஒருவர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? அச்சுறுத்தும் படத்தைவிட விளங்கச் சொல்லும் உண்மைக்கு வலிமை அதிகம். அதைச் சொல்லும் பொறுப்பு அறிவியல் படிக்கும் நம்முடையது என்பதே என் கருத்து.

தொலைவில் இல்லை

"ஹெராயின் ஊசியெல்லாம் பெருநகரத்துச் சங்கதி, தென்காசியில் ஏது?" என்று சிலர் கேட்கலாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. இந்தியாவில் ஊசி வழியாகப் போதை ஏற்றுவோர் சுமார் 8.5 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. சென்னையில் 1990-களில் ஹெராயினை விட்டுப் புப்ரினார்பின் என்னும் வலி மருந்தை ஊசியில் ஏற்றத் தொடங்கியவர் பலர். அண்மை ஆண்டுகளில் டாபென்டடால் என்னும் வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றும் கொடுமை தமிழ்நாட்டின் பல ஊர்களில் வெளிப்பட்டது. இளைஞர் சிலர் மாண்டும் போயினர். பொருள் மாறுகிறது, ஊசி மாறவில்லை. அது இறங்கும் இடமும் மாறவில்லை.

சிரையின் கதை

அந்த இடத்தை நாம் "நரம்பு" என்கிறோம். "நரம்பு ஊசி" என்பது நம் ஊர் வழக்கு. உண்மையில் அது நரம்பன்று. இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரை. தமனியைப் போலத் தடித்த சுவர் அதற்கு இல்லை. இரத்தம் பின்னோக்கி வழியாதபடி உள்ளே சிறு வால்வுகள் உண்டு. அவற்றின் பணியை 1628-இல் வில்லியம் ஹார்வி விளக்கியதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம்.

மீண்டும் மீண்டும் ஊசி குத்தினால் இந்த மெல்லிய சுவர் புண்ணாகிறது. தெருவில் விற்கும் ஹெராயினில் கலப்படம் மிகுதி. அதைக் கரைக்கச் சேர்க்கும் அமிலம் சிரையின் உட்படலத்தை அரிக்கிறது. அங்கே அழற்சி, பிறகு இரத்த உறைகட்டி, பிறகு தழும்பு. முடிவில் சிரை கயிறுபோல் இறுகி அடைபடுகிறது. கையில் சிரை கிடைக்காதவன் காலுக்குப் போகிறான்; காலும் போனால் தொடை இடுக்குக்குப் போகிறான். அங்கே பெருஞ்சிரையை ஒட்டியே பெருந்தமனி ஓடுகிறது. ஊசி தவறித் தமனியில் பட்டால் இரத்தப் பெருக்கு ஏற்படலாம். தமனிச் சுவர் பலூன்போல் வீங்கி வெடிக்கலாம். இரத்தம் போகாத விரல்களும் காலும் அழுகிப் போகலாம்.

வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகுவதைச் சிற்றாற்றுப் பாசனத்தில் வளர்ந்த நாம் அறிவோம். ஆழ்சிரை அடைபட்ட காலும் அத்தகையதே. கால் வீங்கும், கணுக்காலருகே தோல் கறுக்கும், ஆறாத புண் தோன்றும். பழக்கத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்தப் புண் வரலாம். உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் திடீர் மரணமும் நேரும்.

மாத்திரையைக் கரைத்து ஏற்றுவதில் இன்னொரு கேடு உண்டு. விழுங்குவதற்கென்றே செய்த மாத்திரையில் மாவும் டால்க்கும் இருக்கின்றன. அவை கரையாமல் நுரையீரலின் தந்துகிகளில் சிக்கிக் கொள்கின்றன. ஊசியோடு நுழையும் கிருமிகளோ சிரை வழியே இதயத்தின் வலப்பக்கம் சேர்ந்து, அங்குள்ள மூவிதழ் வால்வில் கூடு கட்டுகின்றன. ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ்-சி கிருமியும் சேர்ந்து வரும்.

மறைப்பதே பெருங்கேடு

இவற்றுள் பலவற்றைத் தொடக்கத்திலேயே கவனித்தால் கையையும் காலையும் உயிரையும் காப்பாற்றலாம். ஆனால் ஊசி போடுபவன் முழுக்கைச் சட்டைக்குள் புண்ணை மறைக்கிறான். ஏன் மறைக்கிறான்? வீட்டார் அடிப்பார்கள், ஊரார் தூற்றுவார்கள், காவலர் பிடிப்பார்கள் என்ற அச்சம். அந்த அச்சத்தை நம் மண்டையோட்டுத் தட்டிகள் வளர்க்கின்றனவே அன்றிப் போக்குவதில்லை.

"திருந்தாதவனுக்கு இரக்கம் எதற்கு?" என்று கேட்போரும் உண்டு. அவர்கள் சட்டத்தைப் பார்க்கட்டும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கடுமையானதுதான். அதன் 64-ஏ பிரிவோ, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறு அளவு தொடர்பாகவோ வழக்குக்கு உள்ளான அடிமை, தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. மருத்துவமும் அவ்வழியே செல்கிறது. ஊசியில் ஏற்றிச் சிரையைக் கெடுத்த அதே புப்ரினார்பினை, மருத்துவர் மேற்பார்வையில் நாவின்கீழ் வைக்கும் மாத்திரையாகக் கொடுத்து ஊசியை விடச் செய்கிறார்கள். சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் இருக்கும் இரக்கம் படித்த நமக்கு இருக்க வேண்டாமா?

நாம் செய்யத்தக்கது

என் வீட்டில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மருந்துச் சீட்டை என்னிடம்தான் நீட்டுகிறார்கள். உங்களில் பலருக்கும் இதே நிலைதான். நம் சொல்லை நம்பும் ஒரு தெரு நமக்கு உண்டு. அங்கே நாம் சொல்ல வேண்டியவை மிகச் சில. ஊசி போட்ட கை சிவந்து சுட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, குளிர் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தாலோ அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது, உறைகட்டி பெயர்ந்துவிடும். ஊசி போட்டதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. போதை மீட்புக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு.

அடுத்த ஜூன் 26 அன்று மண்டையோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவோம், நண்பர்களே! தட்டியில் ஒரு சிரையை வரைவோம். அது அடைபடும் விதத்தை வரைவோம். கீழே அந்தத் தொலைபேசி எண்ணை எழுதுவோம். புண்ணை மறைத்து நிற்கும் ஒருவன் அதைப் படித்து மருத்துவமனைக்குப் போனால், நாம் கற்ற விலங்கியல் பயன்பட்டது என்று பொருள்!