வீதி யாருக்கு? பள்ளிக்கூடம் யாருக்கு?

நகரசபைக் கூட்டம் என்றால் நம்மில் பலருக்கு அது கவுன்சிலர்கள் கூடிக் காண்டிராக்ட் பேசுகிற இடம். குழாயில் தண்ணீர் வராதபோது மனுவோடு போய் நிற்கிற இடம். அதற்கு மேல் அங்கே நமக்கென்ன வேலை என்று கேட்கிற தோழர்களும் உண்டு.

வேலை இருக்கிறது. ஆலைக்குள் கூலி எவ்வளவு என்பதில் முதலாளியோடு மோதுகிறோம். வயலில் நிலச் சொந்தக்காரரோடு மோதுகிறோம். ஆனால் அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு வெளியே வருகிற தொழிலாளி எந்த வீதியில் நடப்பது, சைக்கிளை எங்கே நிறுத்துவது, அவன் மனைவி கீரைக் கூடையை எங்கே இறக்கி வைப்பது, அவன் பிள்ளை எந்தப் பள்ளியில் உட்காருவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஸ்தல ஸ்தாபனம். கூலியில் ஒரு ரூபாய் ஏற்றிக் கொடுத்துவிட்டு வீதியில் இரண்டு ரூபாய் பிடுங்கிக்கொள்ள முடியும். ஆகவே நகரசபையின் தீர்மானப் புத்தகமும் நாம் படிக்க வேண்டிய புத்தகமே.

அந்தப் புத்தகத்தில் அடிக்கடி வருகிற மூன்று விஷயங்களை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று, வண்டி நிறுத்துமிடம். இரண்டு, கடை லைசென்ஸ். மூன்று, பள்ளிக்கூடத்துக்குப் பணம். மூன்றும் வேறு வேறு என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றும் ஒரே பிரச்சினை என்பது விளங்கும்: ஊரின் நிலமும் ஊரின் பணமும் யாருக்குப் போகிறது?

காருக்கு எவ்வளவு இடம்?

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும் என்று கட்டட விதிகள் கணக்கிடுகின்றன. அதாவது ஏறக்குறைய 135 சதுர அடி. ஆறடிக்கு நாலடி உள்ள தள்ளுவண்டிக்கு 24 சதுர அடி போதும். ஒரு கார் நிற்கிற இடத்தில் ஐந்து தள்ளுவண்டிகள் நிற்கலாம். ஐந்து வண்டி என்றால் ஐந்து குடும்பத்தின் அடுப்பு. கார் அங்கே நிற்கிற நேரத்தில் யாருடைய அடுப்பும் எரிவதில்லை.

இப்படியிருக்க, வீதியில் நெரிசல் என்றதும் அதிகாரிகளின் கண்ணில் முதலில் படுவது எது? தள்ளுவண்டி. லாரியைக் கொண்டுவந்து தூக்கிப் போடுவது எதை? தள்ளுவண்டியை!

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரைப் பாருங்கள். நடைபாதையில் பல ஆண்டுகளாகக் கடை போட்டிருந்த ஏழை வியாபாரிகளை 2013-இல் ஒரு மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். வீதியில் நடந்துபோகிறவர் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிற பொருளை மாடி ஏறிப்போய் யார் வாங்குவார்? வியாபாரம் படுத்துவிட்டது என்று வியாபாரிகள் முறையிட்டார்கள். பின்னர் 2019 நவம்பரில் அதே பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. நடக்கிறவருக்கு இடம் கிடைத்தது நல்லதே; அதை நாம் குறை சொல்லவில்லை. கூடவே அருகில் சுமார் 40 கோடி ரூபாயில் அடுக்குமாடி வண்டி நிறுத்துமிடம் கட்டினார்கள். அதில் சுமார் 220 கார்களும் சுமார் 500 இருசக்கர வண்டிகளும் நிற்கலாம். ஆறு இருசக்கர வண்டியை ஒரு கார் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 300 கார் அளவுதான். ஒரு காரின் இடத்துக்குச் செலவு 13 லட்சம் ரூபாய்!

ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கழுவவும் வளாகம் கூட்டவும் ஓர் ஊழியரை மாதம் 10,000 ரூபாய் சம்பளத்தில் வைத்தால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஒரு கார் நிற்கிற இடத்தின் விலையில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பத்து ஆண்டுக்கு மேல் சுத்தமாக வைத்திருக்கலாம்.

கார் ஏன் வீதிக்கு வந்தது?

கார்கள் பெருகிவிட்டன, எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும் என்பார்கள். சரி, எங்கே நிறுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது? பெரிய வணிகக் கட்டடம் கட்டுகிறவர் தன் நிலத்துக்குள்ளேயே வண்டி நிறுத்த இடம் ஒதுக்க வேண்டும். வரைபடத்தில் அடித்தளத்தை வண்டிக்கு என்று காட்டி அனுமதி வாங்குகிறார்கள். கட்டிய பிறகு அந்த இடம் சரக்கு கிடங்காகிறது. சில இடங்களில் கடையே ஆகிறது. உள்ளே நிற்கவேண்டிய கார் வெளியே வருகிறது. வெளியே நின்றிருந்த தள்ளுவண்டி துரத்தப்படுகிறது. விதியை மீறியவர் ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு!

விதிமீறல் சர்க்காருக்குத் தெரியாததா? 2011 அக்டோபர் கடைசியில் தியாகராய நகர் ரங்கநாதன் தெரு வட்டாரத்தில் விதிமீறிய பெரிய கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் பொங்கலுக்கு முன்பாக சுப்ரீம் கோர்ட் உத்தரவின் பேரில் அவை மீண்டும் திறந்தன. இப்படிப்பட்ட கட்டடங்களை அபராதம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்துவதற்கென்றே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ, 113-சி என்று பிரிவுகள் சேர்க்கப்பட்டன.

கீரைக்காரியின் கூடைக்கு இப்படி ஒரு பிரிவு உண்டா என்று கேட்கலாம். உண்டு, தோழர்களே! அதைத்தான் நம்மவர் பலர் அறியவில்லை.

லைசென்சும் ரசீதும்

வீதியோரத்தில் வியாபாரம் செய்வது பிச்சையுமல்ல, குற்றமுமல்ல. அரசியல் சட்டம் தந்த தொழில் உரிமையில் அதுவும் அடங்கும் என்று 1989-இல் சுப்ரீம் கோர்ட் சோதன் சிங் வழக்கில் சொன்னது. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 2014-இல் பார்லிமெண்ட் தெரு வியாபாரிகள் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு மே முதல் தேதியிலிருந்து அது அமலில் இருக்கிறது. அதில் உள்ளதை ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளரும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

முதலாவது, ஊரில் உள்ள எல்லாத் தெரு வியாபாரிகளையும் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இரண்டாவது, இடம் மாற்றுவதானால் முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இடமாற்றமே கடைசி வழியாக இருக்க வேண்டும். மூன்றாவது, சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். வியாபாரி வந்து கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தரவேண்டும்; மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் தரவேண்டும். நான்காவது, ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். கமிஷனர் அதன் தலைவர். ஆனால் உறுப்பினரில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும். அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

சட்டம் இவ்வளவு சொல்கிறது. வீதியில் நடப்பது என்ன? கூடையைத் தூக்கி வண்டியில் எறிகிறவரிடம் பட்டியல் கேட்டால் அடிதான் கிடைக்கிறது. 2020-இல் தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் என்று மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தது. ஒரு கை கடன் கொடுத்து வண்டி வாங்கச் சொல்கிறது. மறு கை அந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இதைவிடப் பழைய கொள்ளை ஒன்று உண்டு. பல ஊர்களில் சந்தை வசூலையும் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் நிறுத்துமிடத்தையும் நகரசபை ஏலம் விடுகிறது. அதிகத் தொகைக்கு எடுத்த குத்தகைதாரர் போட்ட பணத்தை யாரிடம் எடுப்பார்? விடியற்காலையில் மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறவரிடமும், ஷிப்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்துகிறவரிடமும்தான். தீர்மானத்தில் எழுதிய கட்டணம் ஒன்று, கையில் வசூலிப்பது வேறு, ரசீது கிடையாது. நூறு ரூபாய் கீரை விற்று இருபது ரூபாயைச் சுங்கமாகக் கொடுத்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? பெரிய ஜவுளிக் கடைக்காரர் நூறுக்கு இருபது என்று நகரசபைக்குக் கொடுப்பாரா?

இந்தத் தெரு வியாபாரிகள் யார் என்றும் யோசியுங்கள். 2020 மார்ச் ஊரடங்கில் கோவையின் என்.டி.சி. ஆலைகள் நின்றன. ஆண்டுகள் கடந்தும் பழைய வேலை திரும்பவில்லை. ஆலை நின்றால் தொழிலாளிக்குத் தள்ளுவண்டி. அறுவடை முடிந்தால் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்குத் தலைச்சுமைக் கூடை. இன்றைக்கு வீதியில் துரத்தப்படுகிறவர் நேற்று நம்மோடு மெஷினில் நின்றவர், நம்மோடு நாற்று நட்டவர். வேறு யாரோ அல்ல.

பள்ளிக்கூடத்தின் பங்கு

1920-இல் சென்னை கார்ப்பரேஷன், தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் உள்ள தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு. வெள்ளைக்காரன் காலத்தில், கையில் அதிகாரம் குறைவாக இருந்தபோதே, ஒரு நகரசபை இதைச் செய்ய முடிந்தது. பின்னால் அந்த விதைதான் நாடெங்கும் சத்துணவாக வளர்ந்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அதன் கிளையே. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை உழைப்பாளி வீட்டுத் தாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே 1920-இல் வந்த தொடக்கக் கல்விச் சட்டம் கல்வி வரி போடுகிற அதிகாரத்தை ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கொடுத்தது. சொத்து வரியோடு கல்வி வரியும் சேர்ந்து வசூலாகிறது. வீடு உள்ளவர்தானே கட்டுகிறார் என்று எண்ணவேண்டாம். 2022 ஏப்ரலில் சொத்து வரியை 25 முதல் 150 சதவிகிதம் வரை ஏற்றியபோது, வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றினார். ஒற்றை அறையில் குடியிருக்கிற ஆலைத் தொழிலாளியும் வாடகை வழியாகக் கல்வி வரி கட்டுகிறார்.

கட்டின பணம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது. கூரை ஒழுகுகிறது, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, காவலாளி இல்லை என்றால் தாய்மார் பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குகிறார்கள். கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். பிறகு பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்று கோப்பு நகர்கிறது. தண்ணீர் விடாமல் செடியைக் காயவிட்டு, காய்ந்த செடி எதற்கு என்று பிடுங்குகிற வேலை இது! நகரின் நடுவே உள்ள பழைய பள்ளி மைதானத்தின் மேல் யார் யார் கண் இருக்கிறது என்பதை நாம் சொல்லவும் வேண்டுமா?

மேலிருந்து வரவேண்டிய பணமும் நின்றதுண்டு. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதால் 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. மேலே பணம் நிற்கும்போது ஊர்ப் பணம் ஒவ்வொரு ரூபாயும் பள்ளிக்கு இன்னும் அவசியமாகிறது.

"அது வேறு தலைப்பு"

நாம் இப்படிக் கேட்டால் அதிகாரிகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: வண்டி நிறுத்துமிடம் ஸ்மார்ட் சிட்டிப் பணம், பள்ளிக்கூடம் வேறு தலைப்பு, ஒன்றை எடுத்து மற்றொன்றுக்குச் செலவிட முடியாது. விதிப்படி அது உண்மைதான். ஆனால் தலைப்பை எழுதியது யார்?

2015-இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் சேர்ந்தன. திட்டத்தை நடத்த ஒவ்வொரு நகரிலும் தனிக் கம்பெனி அமைக்கப்பட்டது. மன்றத்தில் கவுன்சிலர் எழுந்து கேள்வி கேட்கிற இடத்திலிருந்து முடிவு கம்பெனி அறைக்குப் போனது. அதிலும் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நகர மன்றங்களின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி 19 வரை தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அதிகாரிகள் ஆண்டார்கள். பாண்டி பஜார் நடைபாதை திறந்த 2019-இல் சென்னையில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. நம்மைக் கேட்காமல் தலைப்பை எழுதிவிட்டு, தலைப்பை மாற்ற முடியாது என்று நம்மிடமே சொல்வது என்ன நியாயம்?

கிராமத்துத் தோழர்கள் இது டவுன்காரர் சண்டை என்று ஒதுங்கிவிடக் கூடாது. ஊராட்சிகளை நகரோடு இணைக்கிற முயற்சி வந்தபோது, வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று 2025 ஜனவரியில் பல ஊர்களில் ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். இன்று கிராமமாக இருப்பது நாளை வார்டு ஆகலாம்.

நாம் என்ன கேட்கிறோம்?

வண்டி நிறுத்தவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தாறுமாறாக நின்ற காரால் பஸ் தாமதமானால் அரை நாள் கூலி போவது நமக்குத்தான். வீதியில் கார் நிறுத்தினால் இடத்துக்குத் தக்க கட்டணம் கொடுக்கட்டும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த வார்டுப் பள்ளிக்குப் போகட்டும். அடித்தளத்தைக் கிடங்காக்கிய கட்டடங்களில் முதலில் அதைக் காலி செய்யட்டும். அதற்குப் பிறகு தள்ளுவண்டியைப் பற்றிப் பேசட்டும். சந்தையிலும் சைக்கிள் நிறுத்துமிடத்திலும் கட்டணப் பலகை வைக்கட்டும். ரசீது இல்லாத வசூலைக் குற்றமாக நடத்தட்டும். கல்வி வரி எவ்வளவு வந்தது, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்று ஆண்டுதோறும் வார்டு வாரியாக எழுதி ஒட்டட்டும். விற்பனைக் குழுவில் நாற்பது பங்கையும் தேர்தல் வைத்து நிரப்பட்டும்.

இவற்றில் எதுவும் ஆகாத காரியம் அல்ல. பெரும்பாலானவை ஏற்கெனவே சட்டத்தில் இருப்பவை. சட்டம் தாளில் இருக்கிறது. அதை வீதிக்குக் கொண்டுவர ஆள் வேண்டும்.

2022 முதல் நகரங்களில் பகுதி சபைகள் கூட்ட வழி பிறந்திருக்கிறது. அடுத்த சபைக்கு ஷிப்டு முடிந்ததும் பத்துப் பேராகச் சேர்ந்து போங்கள். கீரை விற்கிற சகோதரியையும் பள்ளிப் பிள்ளையின் தாயையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். கேள்வியை எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அடுத்த முறை நூறு பேராகப் போங்கள். நகரசபையின் கதவு நம் வரிப்பணத்தில் செய்த கதவு. அதைத் தட்டிக்கொண்டு வெளியே நிற்கவேண்டியதில்லை. உள்ளே போய்க் கணக்குக் கேட்போம்!